மதுரையையும் நெல்லையையும் இணைத்து ஒரே குவாண்டம் கணினி: கரிசல் மண்ணுக்கு அடியில் ஒற்றை ஒளித்துகள் போனால் என்ன ஆகும்?

கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் கையால் தீப்பெட்டி செய்த காலத்தில், ஒரு பெட்டி முழுக்க ஒரே கூரைக்குள் உருவாகி வெளியே வந்ததில்லை. கட்டை அடுக்குவது ஒரு இடம், மருந்து முக்குவது இன்னொரு இடம், பெட்டி ஒட்டுவது சுற்றுக் கிராமங்களின் வீட்டுத் திண்ணை. தீப்பெட்டி ஆபீசில் இருந்து சரக்கு ஊருக்குப் போகும், ஊரிலிருந்து ஆபீசுக்கு வரும். இப்போது மெஷின் வந்து பாதி வேலையை எடுத்துக்கொண்டது வேறு கதை. ஒரே இடத்தில் அடங்காத வேலையைப் பிரித்துப் பல இடங்களில் செய்து கடைசியில் சேர்ப்பது என்ற யோசனை கரிசல்காட்டுக்குப் புதிதல்ல.

குவாண்டம் கணினித் துறையும் இப்போது அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

காரணம் எளிது. உருப்படியான பெரிய கணக்குகளைப் போட, பிழை திருத்தும் ஏற்பாடுகளோடு சேர்த்து லட்சக்கணக்கில் கியூபிட்கள் தேவைப்படும் என்பது பொதுவான மதிப்பீடு. ஒரே பெட்டிக்குள் அத்தனையையும் அடைக்கப் போனால் வயரிங், குளிர்ச்சி, ஒன்றின் இரைச்சல் மற்றொன்றைக் கெடுப்பது எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கின்றன. அதனால் சின்னச் சின்ன இயந்திரங்களாகச் செய்து, ஒளியால் இணைத்து, எல்லாம் சேர்ந்து ஒரே கணினியாக வேலை பார்க்க வைக்கலாமே என்று கேட்கிறார்கள். இதற்குப் பெயர்தான் பகிர்ந்தமை குவாண்டம் கணிப்பு.

தீப்பெட்டியோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பாதி முடிந்த பெட்டியை எடுத்துப் பார்க்கலாம், எண்ணலாம், வேனில் ஏற்றலாம். பாதி முடிந்த குவாண்டம் கணக்கை எடுத்துப் பார்த்தால் அது அந்த நொடியே கலைந்துவிடும். நகல் எடுத்து அனுப்பலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982-ல் நிறுவிவிட்டார்கள். ஆக, கலையாமல் கொண்டுபோக ஒரு தூதுவர் வேண்டும். அந்தத் தூதுவர்தான் ஃபோட்டான், அதாவது ஒற்றை ஒளித்துகள்.

நான்குவழிச் சாலையில் ஒரு கணக்கு

இப்படி ஒரு திட்டம் இன்றைக்கு எங்கும் அறிவிக்கப்படவில்லை. கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு சின்ன குவாண்டம் கணினி, திருநெல்வேலியில் ஒன்று. இடையில் கோவில்பட்டி. அங்கிருந்து மதுரை ஏறக்குறைய 100 கி.மீ., நெல்லை ஏறக்குறைய 55 கி.மீ. சாலையோரம் மண்ணுக்குள் கண்ணாடி இழை.

நல்ல தரமான இழையில், தொலைத்தொடர்புக்குப் பயன்படும் 1,550 நானோமீட்டர் ஒளிக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழப்பு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரித்தான் இருக்கும். ஆனால் கூட்டிப் பாருங்கள்: மதுரையில் இருந்து கிளம்பும் 100 ஒளித்துகளில் கோவில்பட்டி வந்து சேருவது ஒன்றே ஒன்று. நெல்லையில் இருந்து கிளம்பினால் 100-க்கு 8. சென்னை வரைக்கும் 550 கி.மீ. என்று வைத்தால், நொடிக்கு 100 கோடி ஒளித்துகள் அனுப்பினாலும், 100 நொடிக்கு ஒன்றுதான் போய்ச் சேரும். அந்த ஒன்றும் வந்ததா, இல்லை டிடெக்டர் சும்மா இருட்டில் தானாகச் சொடுக்கியதா என்று சந்தேகம் வந்துவிடும்.

ரீல்ஸ் பார்க்கும் இன்டர்நெட்டுக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. அதில் ஒரு பிட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஒளித்துகள் போகின்றன. குறைந்தால் வழியில் ஆம்ப்ளிஃபையர் வைத்து ஏற்றிக்கொள்கிறார்கள். ஒற்றை ஒளித்துகளை அப்படி ஏற்ற முடியாது. ஏற்றுவது என்றால் நகலெடுப்பது, நகலெடுக்கத்தான் முடியாதே.

ஒளியோடு ஒளி முட்டாது

இரவில் எதிரெதிரே வரும் இரண்டு லாரிகளின் ஹெட்லைட் வெளிச்சம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரும்புவதில்லை. ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். ஒளித்துகள் நல்ல தூதுவராக இருப்பதற்கு இதுதான் காரணம்: வழியில் வேறு யாரோடும் வம்புக்குப் போகாது. கணக்குப் போட ஒளி லாயக்கில்லை என்று பல ஆண்டுகள் நினைத்ததற்கும் இதுவே காரணம். கணிப்பு என்றால் ஒரு கியூபிட்டைப் பொறுத்து இன்னொன்று மாற வேண்டும். ஒன்றை ஒன்று சட்டையே செய்யாத இரண்டு ஒளித்துகளை வைத்து அதை எப்படிச் செய்வது?

விடைக்கான பாதி, கண்ணாடியில் இருக்கிறது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு, கண்ணாடியில் தன் முகமும் தெரியும், வெளியே கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்கும் தெரியும். பட்டுத் திரும்பும் ஒளி கொஞ்சம், தாண்டிப் போகும் ஒளி கொஞ்சம். சரிபாதியாக இப்படிப் பிரிக்கும்படி செய்த கண்ணாடிக்கு பீம் ஸ்பிளிட்டர் என்று பெயர். இந்தக் கண்ணாடி, ஆடி, ஒளியைச் சற்றே தாமதப்படுத்தும் தகடு, அதன் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் தகடு ஆகியவை மட்டுமே கொண்ட ஏற்பாட்டைத்தான் நேரியல் ஒளியியல் என்கிறார்கள். விசேஷமான படிகமோ லேசர் தந்திரமோ கிடையாது.

1987-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாங், ஊ, மேண்டல் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஒளித்துகள்களை, சரிபாதிக் கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து விழச் செய்தார்கள். ஆளுக்கொரு பக்கம் வெளியேறும் வாய்ப்பு பாதியாவது இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் எப்போதும் ஜோடியாக ஒரே பக்கமாகவே போகப் பார்த்தன. இரண்டும் தாண்டுவது, இரண்டும் பட்டுத் திரும்புவது என்ற இரண்டு வழிகளையும் வெளியிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல முடியாது. அதனால் அந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மோதல் இல்லை, விசை இல்லை. ஆனாலும் ஒன்றின் போக்கு இன்னொன்றைப் பொறுத்து மாறிவிட்டது. ஒளித்துகள்களைத் தனித்தனி ஆளாக எண்ணக் கூடாது என்று 1924-ல் டாக்காவில் இருந்து சத்யேந்திரநாத் போஸ் எழுதிய கணக்கின் நேரடி வாரிசு இது.

மீதிப் பாதியை 2001-ல் நில், லாஃப்லாம், மில்பர்ன் என்ற மூன்று பேர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சரிபாதிக் கண்ணாடிகளோடு கூடுதலாகச் சில துணை ஒளித்துகள்களையும் அனுப்புங்கள். கடைசியில் துணைத் துகள்களை மட்டும் டிடெக்டரில் அளந்து பாருங்கள். குறிப்பிட்ட டிடெக்டர் சொடுக்கினால், உங்கள் கணக்குப் படி வெற்றிகரமாக நடந்துவிட்டது என்று அர்த்தம். சொடுக்கவில்லையா, தோல்வி. மறுபடி முயற்சி செய்யுங்கள். முழு அளவிலான குவாண்டம் கணினியை இப்படியே கட்டலாம் என்பதுதான் அவர்கள் நிறுவியது.

நமுத்த குச்சியால் நஷ்டமில்லை

அதிர்ஷ்டத்தை நம்பிக் கணினி கட்டுவதா என்று சிரிப்பு வரலாம். ஆனால் மழைக்காலத்தில் அடுப்பு பற்றவைப்பதை நினைத்துப் பாருங்கள். நமுத்த குச்சி நாலு பற்றாமல் போனாலும் அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐந்தாவது பற்றினால் போதும். முக்கியமான விஷயம், பற்றியது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பகிர்ந்தமை கணினியில் நடப்பதும் இதுதான். மதுரையில் ஒரு அணு, தன்னோடு குவாண்டம் பின்னல் கொண்ட ஒரு ஒளித்துகளை உமிழ்கிறது. நெல்லையிலும் அப்படியே. பின்னல் என்றால், இரண்டையும் தனித்தனியாக விவரிக்க முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் நிலை. இரண்டு ஒளித்துகளும் கோவில்பட்டியில் ஒரு சரிபாதிக் கண்ணாடியில் சந்திக்கின்றன. சரியான டிடெக்டர்கள் சொடுக்கினால், எது மதுரையில் இருந்து வந்தது, எது நெல்லையில் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், ஒன்றையொன்று பார்த்தே இராத அந்த இரண்டு அணுக்களும் பின்னிக்கொள்கின்றன. அதுவரை எந்தக் கணக்கும் அந்த இணைப்பில் ஏற்றப்படவில்லை. தோற்றால் இழப்பு ஒரு ஜோடி ஒளித்துகள்தான்.

பின்னல் பற்றிய பிறகுதான் உண்மையான கணக்கு அதன் மேல் ஏறும். இரு பக்கமும் அணுக்களை அளந்து, வந்த முடிவைச் சாதாரண இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், மதுரை கியூபிட்டும் நெல்லை கியூபிட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலவே ஒரு கணக்குப் படி நடந்து முடியும். டெலிபோர்ட்டேஷன் என்று தலைப்புச் செய்தியில் வருவது இதுதான். அந்தச் சாதாரணச் செய்தி போய்ச் சேரும் வரை எதுவும் நடந்து முடிவதில்லை. ஒளியை முந்தி எதுவும் போவதும் இல்லை.

எத்தனை தடவைக்கு ஒரு தடவை பற்றும்? 100-க்கு 1, 100-க்கு 8. இரண்டும் சேர்ந்து நடக்க 10,000-க்கு 8. வெறும் கண்ணாடிகளை மட்டும் வைத்துச் செய்யும் இந்தச் சந்திப்புச் சோதனை, எல்லாம் பழுதில்லாமல் இருந்தாலும் பாதி நேரம்தான் தெளிவான பதில் தரும். அது இயற்கை விதித்த வரம்பு. ஆக 10,000-க்கு 4. மதுரையில் இருந்து ஒளி வர அரை மில்லிநொடி, 'ஆச்சு, ஆகலை' என்ற பதில் திரும்பிப் போக இன்னொரு அரை. நொடிக்கு 1,000 முயற்சி என்றால், சராசரியாக இரண்டரை நொடிக்கு ஒரு பின்னல்.

இது எல்லாமே கச்சிதமாக நடந்தால் வரும் கணக்கு. நிஜத்தில் அணு உமிழும் ஒளித்துகளில் பெரும்பகுதி இழைக்குள் ஏறுவதே இல்லை. அணுக்கள் உமிழும் நிறமும் இழைக்குப் பிடித்த நிறமாக இருப்பதில்லை. நிறம் மாற்றி அனுப்ப வேண்டும், அதிலும் இழப்பு.

மண் சும்மா இருக்காது

தொலைந்து போவது ஒரு பக்கம். போய்ச் சேரும் ஒளித்துகளும் கிளம்பிய கோலத்தில் போய்ச் சேராது என்பது அடுத்த தலைவலி.

ஒளித்துகளில் தகவலை ஏற்ற வசதியான இடம் அதன் தளவிளைவு. ப்ளஸ் டூ இயற்பியலில் போலராய்டு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கலாம். ஒளியின் அதிர்வு எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதுதான் அது. இழை வளைந்தாலோ நெருக்கப்பட்டாலோ சூடு மாறினாலோ இந்தத் தளம் தன் பாட்டுக்குச் சுழன்றுவிடும். கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். அதற்குள் புதைந்த எதையும் அது ஒரே நிலையில் இருக்க விடாது.

சூட்டினால் நேரமும் மாறும். 50 கி.மீ. இழையில் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி கூடினால், ஒளி வந்து சேரும் நேரம் ஏறக்குறைய 2 நானோநொடி தள்ளிப்போகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. கோவில்பட்டிக் கண்ணாடியில் ஒரே நேரத்தில் வந்து விழ வேண்டிய இரண்டு ஒளித்துகள்களுக்கு அது பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

தளம் சுழன்றுவிட்டால் திருப்பி நேராக்க என்ன வழி? இங்கேதான் சென்னை வருகிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமனும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் என். முகுந்தாவும் 1990-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு கால் அலைத் தகடு, ஒரு அரை அலைத் தகடு. மூன்றையும் வரிசையாக வைத்துத் தேவையான கோணத்தில் திருப்பினால் போதும், தளவிளைவில் எந்த மாற்றத்தையும் உண்டாக்கலாம். அதாவது இழை எப்படிச் சுழற்றியிருந்தாலும் அதைத் திருப்பிச் சுழற்றலாம். மூன்று தகடு போதும், அவை எந்த வரிசையில் இருந்தாலும் சரி. உலகெங்கும் ஒளித்துகள் ஆய்வகங்களில் மேசை மேல் இன்றும் அந்த மூன்று தகடுகளைப் பார்க்கலாம். வெறும் கண்ணாடித் தகடுதான். நேரியல் ஒளியியல் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அதே சைமன் 2000-ல் எழுதிய இன்னொரு கட்டுரை, ஒளிக்கற்றைகளில் பின்னல் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் ஒரு சோதனையைத் தந்தது. ஐரோப்பாவில் ஒரு குழுவும் அதே நேரத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்தது. இந்தச் சென்னை வரிசைக்குப் பின்னால் நிற்பவர் ஈ.சி.ஜி. சுதர்சன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1963-ல் அதே ரோச்செஸ்டரில் இருந்தபடி, ஒளியின் குவாண்டம் நிலையை விவரிக்கும் அடிப்படைக் கணிதத்தை எழுதியவர். 1980-களில் தரமணி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2005-ல் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காக ராய் கிளாபருக்கு நோபல் கிடைத்தபோது, சுதர்சன் பெயர் விடுபட்டது ஏன் என்று இயற்பியலாளர்களே கேள்வி எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான்.

ஆக்ஸ்ஃபோர்டில் எட்டிய தூரம்: 2 மீட்டர்

நிஜமாகவே பகிர்ந்தமை குவாண்டம் கணினி என்று சொல்லத்தக்க ஒன்றை 2025 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. இரண்டு தனித்தனிப் பெட்டிகள், இடைவெளி ஏறக்குறைய 2 மீட்டர். ஒவ்வொன்றிலும் வெளியுலகத் தொடர்புக்கு ஒரு ஸ்ட்ரான்ஷியம் அயனி, கணக்குக்கு ஒரு கால்சியம் அயனி. ஒளித்துகள்களைச் சந்திக்க வைத்துப் பின்னல் உண்டாக்கி, அதன் மேல் ஒரு கணக்குப் படியை டெலிபோர்ட் செய்தார்கள். துல்லியம் சுமார் 86 சதவீதம். குரோவர் தேடல் என்ற சின்ன அல்காரிதத்தையும் ஓட்டினார்கள். 71 சதவீதம் சரியான விடை வந்தது. ஒரு பின்னலுக்கு ஆயிரக்கணக்கான முயற்சிகள். நொடிக்குப் பத்துக்கும் சற்றுக் குறைவான வெற்றிகள். கவனியுங்கள், 2 மீட்டருக்கே இந்தக் கணக்கு.

அதற்குச் சில நாட்கள் முன்பு, டொராண்டோவின் ஸனாடு நிறுவனம் 'ஆரோரா' என்ற இயந்திரத்தை விவரித்தது. அதில் அணுவே இல்லை, எல்லாம் ஒளி. நான்கு ரேக்குகள், 35 ஒளிச் சிப்புகள், இடையே சுற்றிவைத்த 13 கி.மீ. இழை, 12 கியூபிட். டேட்டா சென்டரில் சர்வர் அடுக்குவது போல ரேக் மேல் ரேக் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஒளி இழப்பை இன்னும் வெகுவாகக் குறைத்தால்தான் பயனுள்ள கணக்கு போட முடியும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சிப்புக்குள் ஆனாலும் சாலையோரம் ஆனாலும் வில்லன் ஒருவர்தான்.

'குவாண்டம் நெட்வொர்க் வந்தாச்சு' என்று செய்தி வந்தால்

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். மீக்கடத்தி, ஒளி போன்ற தொழில்நுட்பங்களில் 50 முதல் 1,000 கியூபிட் வரை கணினிகள், நகரங்களுக்கு இடையே 2,000 கி.மீ. குவாண்டம் சாவிப் பகிர்வு, குவாண்டம் நினைவகம் கொண்ட பல முனை நெட்வொர்க் ஆகியவை இலக்குகளில் உண்டு. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில், சி-டாட் நிறுவனத்தோடு இணைந்து இயங்குகிறது.

இதில் வாசகர்கள் குழம்ப வாய்ப்புள்ள இடம் ஒன்று. 2022-ல் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கி.மீ.க்கு மேல் இழையில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் செய்து காட்டியது, குவாண்டம் சாவிப் பகிர்வு. ரகசியச் சாவியைப் பாதுகாப்பாக அனுப்பும் வேலை அது. அதற்கு ஒளித்துகள் தொலைந்தால் பரவாயில்லை; வந்து சேர்ந்ததை மட்டும் சாவியாக்கிக்கொள்ளலாம். தூரம் கூடினால் வழியில் நம்பகமான நிலையங்கள் வைத்து, ஒளித்துகளை அளந்து, சாவியை அடுத்த நிலையத்துக்குக் கைமாற்றி விடலாம். கணினிகளை இணைக்க அந்த வழி உதவாது. நடுவில் யாராவது அளந்த மறுகணம் கணக்கு கலைந்துவிடும். 2025 ஜூனில் டெல்லி ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் திறந்த வெளியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்னல் ஒளித்துகள்களை அனுப்பியது, தூரத்தில் சிறியதாக இருந்தாலும், வகையில் இந்தப் பக்கம் சற்று நெருக்கமானது. ஆனால் அதன் நோக்கமும் சாவிதான்.

ஆகவே அடுத்த முறை 'குவாண்டம் நெட்வொர்க்' என்று செய்தி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நடுவில் இருக்கும் நிலையம் ஒளித்துகளை அளந்து படிக்கிறதா, இல்லை இரண்டைச் சந்திக்க வைத்துப் பின்னலை மட்டும் நீட்டிவிடுகிறதா? முதலாவது இன்றே வாங்கக் கிடைக்கும் தொழில்நுட்பம். இரண்டாவதுக்குப் பெயர் குவாண்டம் ரிப்பீட்டர். பின்னலை இழக்காமல் பத்திரமாக வைத்திருக்கும் நினைவகம் அதற்கு வேண்டும். ஆய்வகத்தை விட்டு அது இன்னும் சாலைக்கு வரவில்லை.

வந்தால், கோவில்பட்டி மாதிரி ஊர்களில்தான் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே, 50 கி.மீ.க்கு ஒன்றாக. ஒரு சின்ன அறை போதும்: ஒரு சரிபாதிக் கண்ணாடி, மூன்று அலைத் தகடுகள், நாலைந்து டிடெக்டர். அந்த டிடெக்டர்களை மட்டும் மைனஸ் 271 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க ஒரு ஹீலியம் குளிர்விப்பான், கத்திரி வெயிலிலும் கரண்ட் கட் ஆகாமல், வருஷம் முழுக்க ஓட வேண்டும்.